ஐந்துக்குக் கீழே

மார்ச் முப்பத்தொன்று, நள்ளிரவு நிலவரப்படி
ஹார்ல்பெக் நகர மன்றத்தில் வேலை பார்ப்பவர்கள்
இரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு பேர்.
நான் தலையை எண்ணுகிறவள்.
சம்பளம் போடுவது வேறு ஆள்.

பெண்கள் நூற்றுக்கு அறுபத்தெட்டு.
பள்ளிச் சமையலறை, முதியோர் பராமரிப்பு,
வாரத்துக்குப் பதினாறு மணி நேரம்.
மூன்றாம் மாடிக்கு ஏற ஏற
அந்த எண்ணுக்கு மூச்சு வாங்குகிறது.
ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்கள் குப்பை லாரிகளில்.
இருபத்தைந்தைத் தாண்டாதவர்கள் நீச்சல் குளத்தில்,
அதுவும் கோடை முடியும்வரை.
கல்லறைத் தோட்டத்தில் ஒரே ஒரு பெண், ப்ரோனே.
உறைந்த மண்ணில் குழி வெட்டும்போது
அவள் திட்டுவது லிதுவேனிய மொழியில்.
அதற்குக் கட்டம் இல்லை.

விதி ஒன்று உண்டு:
ஒரு கட்டத்தில் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால்
எண்ணை அச்சிடக் கூடாது.
ஊர் சின்னது.
எண்ணைப் பிடித்து ஆளைப் பிடித்துவிடுவார்கள்.
எண்ணை அழித்துவிட்டு
அங்கே ஒரு நட்சத்திரம் வைப்பேன்.
ஒன்பதாம் பக்கம் வருடாவருடம்
மேகமில்லாத இரவு மாதிரி இருக்கும்.

"ஜிப்சி அல்லது ஐரிஷ் டிராவலர்" என்ற வரியில்
பதினோரு வருடமாக நட்சத்திரம்தான்.
அதன் பின்னால் எத்தனை பேர் என்பது
எனக்கும் என் கணினிக்கும் மட்டும் தெரியும்.
நான்கு. சில வருடம் மூன்று.

டிப்போ ஆட்கள் படிவத்தைக் காகிதத்தில் தருவார்கள்,
டீசல் வாசனையோடு.
பெயர் இருக்காது. பேனாவின் அழுத்தம் இருக்கும்.
இந்த வருடம் ஒன்றில்
"வெள்ளையர், பிரிட்டிஷ்" மேல் ஒரு டிக்,
அதை அடித்துவிட்டு
"சொல்ல விருப்பமில்லை" மேல் ஒரு டிக்,
அதையும் அடித்துவிட்டு
இன்னும் கீழே இறங்கி, காகிதம் பிய்கிற அளவுக்கு,
அந்த வரியில்.

ஐந்து.

யார் என்று நான் யோசிக்கக் கூடாது. யோசித்தேன்.
பனிக்கு உப்புத் தூவும் லாரி ஓட்டுகிற கிளெமா?
அவன் கையெழுத்து கோழி நடந்த மாதிரி.
இல்லை, சாலையோரம் நிற்கும் வண்டி வீடுகளின்
கதவைத் தட்டி, இருபத்துநாலு மணி நேரத்தில்
காலி செய் என்று நோட்டீஸ் நீட்டுகிற
ஜெரார்ட் பர்செலா?
போன நவம்பரில், பழைய சந்தை மைதானத்தில்,
உள்ளே இருந்த பெண் நோட்டீஸை வாங்கவில்லையாம்.
அவன் அப்பா பெயரைச் சொல்லி
இப்போது முட்டி வலி எப்படி என்று கேட்டாளாம்.
கேண்டீனில் இரண்டு நாள் சிரித்தார்கள்.
அவன் சிரித்தானா என்று யாரும் சொல்லவில்லை.

படிவத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

"நட்சத்திரத்தை எடுத்துவிடவா?" என்று கேட்டேன்.
"ஐந்துக்குக் கீழேதானே மறைக்கணும்,
ஐந்து ஐந்துதான்" என்றாள் லொரெய்ன்,
பிஸ்கட்டைத் தேநீரில் முக்கியபடி.
பாதி பிஸ்கட் உள்ளே விழுந்துவிட்டது.
அதற்குத்தான் வருத்தப்பட்டாள்.

குழுக் கூட்டத்தில் என் அறிக்கைக்கு ஆறு நிமிடம்.
உறுப்பினர் ஆகர்ஸ்லி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு
"சொல்ல விருப்பமில்லை" ஏன் இருநூற்றுப் பதினான்கு என்றார்.
நம்பிக்கையை வளர்த்துவருகிறோம் என்றார் தலைமை அதிகாரி.
ஒன்பதாம் பக்கத்தை யாரும் புரட்டவில்லை.
அடுத்த பொருள்: பச்சைக் குப்பைத் தொட்டி,
வாரம் ஒருமுறையா, இரண்டு வாரத்துக்கு ஒருமுறையா.
நாற்பது நிமிடம்.

டிப்போ அறிவிப்புப் பலகையில்
ஒன்பதாம் பக்கத்தை நானே குத்திவிட்டு வந்தேன்.
திங்கட்கிழமை போனபோது
ஐந்துக்குப் பக்கத்தில் யாரோ நீல மையில்
"யாருப்பா அந்த அஞ்சு பேர்?" என்று எழுதி
ஒரு சிரிக்கும் முகமும் வரைந்திருந்தான்.

புதன்கிழமை அந்தக் கேள்வி இல்லை.
கறுப்பு மையில், மேலும் கீழும்,
காகிதம் பிய்கிற அளவுக்கு அடித்திருந்தது.
கிழிசல் வழியாகப் பலகையின் பச்சைத் துணி தெரிந்தது.

ஐந்துக்கு ஒன்றும் ஆகவில்லை.
ஒரு மூலையில் ஊசி கழன்றிருந்தது.
அதை மட்டும் திரும்பக் குத்தினேன்.