நீ என்ன வேஷம்?

லவாஷே தெரு, மார்ச் மாதப் புழுக்கம்.
கான்கிரீட் தடுப்புக்கு இப்பால் நின்று
முகம் முகமாய்ச் சரிபார்ப்பது என் வேலை.

முகமூடியைக் கழற்றுங்கள் என்றேன்.
புலிக்குள் பல்மருத்துவர் ஷிஃப்ரின்.
மூன்றாவது எஸ்தர் ராணிக்கு மீசை.

உள்ளே சுருளை வாசிக்கிறார்கள்.
ஆமான் பெயர் வந்ததும்
கிலுகிலுப்பை, காலுதைப்பு, தகரத்தட்டு.
ஒன்பது வருடமாகியும்
முதல் சத்தத்துக்குக் கை
வயர்லெஸ்ஸுக்குத்தான் போகிறது.

கசகசா வைத்த முக்கோண பிஸ்கட்டை நீட்டி
தேனீ இறக்கையோடு மிகல் கேட்டாள்:
"நீ என்ன வேஷம்?"

குண்டு துளைக்காத சட்டை.
இடுப்பில் துப்பாக்கி.

"போலீஸ்" என்றேன் கடைசியில்.
"கழட்டிடு. வேர்க்குது பார் உனக்கு."

அடுத்த கரடி
தன் தலையைத் தானே கையில் ஏந்தி
வரிசையில் நின்றது.
வாயில் கசகசாவோடு
பெயர் கேட்டேன்.