பிள்ளைகள் வந்து அமரும் இடம்

ஆரியகுளம் சந்தியில், பெயின்ற் கடைக்கு மேலே
மூன்றாம் மாடி. கரண்ட் போய்
இன்வேட்டர் இரையத் தொடங்கிய மத்தியானம்
மரண அறிவித்தலுக்கு ஒரு கொம்பொனன்ற்
எழுதிக்கொண்டிருந்தேன்.

வெளியே கறுப்புக் கரை.
உள்ளே படம், பிறப்பிடம், வதிவிடம்.
அதற்குள் இன்னொரு பெட்டி:
அன்னார் இன்னாரின் அன்பு மனைவி.
அதற்குள்ளும் ஒன்று, பிள்ளைகளுக்கு.

பிள்ளைகளை நான் எழுதுவதில்லை.
அவர்கள் வெளியில் இருந்து வருகிறவர்கள்.
எத்தனை பேர், எந்த ஒழுங்கில்,
ஒன்றும் தாய்ப் பெட்டிக்கு முன்கூட்டித் தெரியாது.
இதிலே இருங்கள் என்று
ஓரிடம் விடலாம், அவ்வளவுதான்.

முதல் நாள் அந்த இடத்தை விட மறந்துபோனேன்.
ஏழு பிள்ளைகளை அனுப்பினேன்.
ஏழு பேரும் உள்ளே போனார்கள்.
திரையில் ஒருவரும் இல்லை.
சிவப்பு எழுத்தில்லை, பிழைச் செய்தி இல்லை.
வாங்கி வைத்துக்கொண்டு
பேசாமல் இருந்தது பெட்டி.
பக்கத்து மேசைக் கொன்சலா எட்டிப் பார்த்து
"வாங்கினது சரி, எங்கை இருத்தினனீ?" என்றாள்.
ஒரே ஒரு சொல் சேர்த்தேன்.
ஏழு பேரும் வந்து குந்தினார்கள்.

பிறகு, பெயருக்குப் பக்கத்தில் நாடு.
அடைப்புக்குறிக்குள் நாடு பார்க்காமல்
எங்கள் சனம் அறிவித்தல் வாசிக்காது.
கனடா, ஜேர்மனி, நோர்வே, சுவிஸ்.
அதற்கும் ஒரு ஸ்லொற் விட்டேன்.
ஒன்றும் வராவிட்டால்
வெற்று அடைப்பு வாய் பிளந்து கிடக்கும், வடிவில்லை;
ஆகவே உள்ளே ஒரு சொல்லை முன்னரே வைத்தேன்.
யாரும் எதுவும் தராவிட்டால் அது தானாக வரும்:
இலங்கை.

'காலஞ்சென்ற' என்பது ஒரு ஆம், இல்லை.
ஆம் என்றால் பெயருக்கு முன்னால் அது வரும், நாடு வராது.
இல்லை என்றால் நாடு வரும்.
மூன்றாவதாக ஒன்றை நான் யோசிக்கவில்லை.

புதன்கிழமை அளவெட்டியில் இருந்து ஒரு படிவம்.
நிரப்பியவர் மகள், தவமலர்.
நான்கு பிள்ளைகள்.
மூத்தவர் நேசராசனுக்குக் கட்டம் தொடப்படவில்லை,
நாடும் இல்லை.
வெளியிட முன்னம் ஒருக்கால் கேட்போம் என்று
எடுத்தேன் போனை.

"அக்கா, பெரியண்ணைக்கு நாடு போடேல்லை."

அந்தப் பக்கம் கதிரை இறக்குகிற சத்தம்.
யாரோ யாரையோ தண்ணிப் பீப்பா எங்கே என்று கேட்டார்.

"வவுனியா மட்டும் கண்ட ஆக்கள் இருக்கினம் தம்பி.
அங்காலை ஒருத்தருக்கும் தெரியாது.
காலஞ்சென்ற எண்டு போட அம்மா ஒருநாளும் விடேல்லை.
இண்டைக்கு அம்மாவைக் கேக்கவும் ஏலாது.
வெறுமையா விட்டனான்.
அதிலை இப்ப என்ன வந்திருக்கு?"

"இலங்கை எண்டு வந்திருக்கு அக்கா.
அது தானா வாறது. எடுத்துவிடுறன்."

கதிரைகள் இறங்கி முடியவில்லை.
பதினைந்து, பதினாறு, நான் எண்ணிக்கொண்டிருந்தேன்
என்பது பிறகுதான் தெரிந்தது.

"எடுக்காதேங்கோ," என்றா.
"அதிலை என்ன பிழை கிடக்கு?"

நாலு பன்னிரண்டுக்கு வெளியிட்டேன்.
நேசராசன் (இலங்கை),
தவமலர் (இலங்கை), ரஜீபன் (பிரான்ஸ்), குமுதா (கனடா).
கீழே, எவர் வந்தாலும் மாறாத,
பெட்டி தானே சொல்கிற ஒரே வரி:
இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும்
ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றோம்.

அடுத்த கிழமை வாடிக்கையாளர் எழுதினார்:
நாட்டைக் கட்டாயமாக்குங்கள்,
நட்சத்திரக் குறி போடுங்கள்,
வெறுமையாக விட்டால் படிவம் நகரக்கூடாது.

ஃபைலைத் திறந்தேன்.
ஸ்லொற்றுக்கு மேலே ஒரு குறிப்பு எழுதினேன்:
இதைக் கட்டாயமாக்க வேண்டாம், ஒரு கேஸ் இருக்கிறது.

சரிபார்க்கிறவள் கொன்சலா.
குறிப்பில் கொஞ்ச நேரம் அவளுடைய கேசர் நின்று துடித்தது.
என்ன கேஸ் என்று கேட்கவில்லை.
அனுமதித்துவிட்டு
கரண்ட் வந்திட்டுது, இன்வேட்டரை நிப்பாட்டு என்றாள்.