உறையக் கூடாது

விசைப்படகுகள் நங்கூரம் போட்ட அன்று,
தடைக்காலத்தின் முதல் நாள்,
பாம்பன் கரையில் கவிழ்த்துக் கிடந்த வல்லத்தின் கீழே
ஐந்து குட்டி போட்டது இன்னாசி வீட்டு நாய்.
கண் திறக்குமுன்பே
வெள்ளைக்கால் எனக்கு என்று
சொல்லிவைத்துவிட்டாள் பிரிசில்லா.
அச்சாரமாக ஒரு பாக்கெட் ரஸ்க்.

நாற்பத்தைந்து நாள் தாயிடமே இருக்கட்டும்,
அதற்குள் வீட்டைச் சரிபண்ணுங்கள்,
என்றார் கால்நடை டாக்டர் ஜுல்பிகா.

போன வருஷம் நாங்கள் எதையும் சரிபண்ணவில்லை.
தூக்கி வந்தோம். பால் ஊற்றினோம்.
ஏழாம் நாள் ரத்தமாகப் போனது.
எட்டாம் நாள் உடைமரத்தடியில் குழி.
அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்காய்க் கிடக்குமாம்.
நாங்கள் அழுது முடித்துச் சோறு தின்ற பிறகும்
அது அங்கேயே இருந்திருக்கிறது.

பழைய சாக்கை எரித்தோம், தட்டை எறிந்தோம்.
பிளீச்சிங் பவுடர் கரைத்துச் சிமெண்டுத் தரையை
மூன்று தடவை தேய்த்தாள்.
நண்டுக் கம்பெனியில் ஓடு உடைத்து
வெடித்த விரல்கள் அவளுக்கு,
எரிகிறதா என்றேன்.
நீ தண்ணீரை ஊற்று என்றாள்.

உடைந்த ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைப் பிடுங்கி
கயிறு கட்டி முற்றத்து மணலில் இழுத்தேன்.
முதல் இழுப்பில் ஆறு தூண்டில் முள்.
சாயங்காலத்துக்குள் நாற்பத்தொன்று.
இந்த மணலில்தான் இத்தனை வருஷமாகச்
செருப்பில்லாமல் நடந்திருக்கிறோம்.

பரண்மேல் போனது எலி மருந்து.
வலையிலிருந்து பேத்தை மீனை உதறிப்போடும் பையன்களிடம்
எங்கள் வாசல் பக்கம் வேண்டாமடா என்று
கெஞ்சி வைத்தேன். ஒரு துண்டு போதும், நாய் பிழைக்காது.

பூச்சி மருந்துக்கு எடை கேட்டார் டாக்டர்.
இன்னாசி இறால் தராசில் குட்டியை வைத்தான்.
ஒன்றரை கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைவு.
என்ன விலை என்று கேட்டுவிட்டு
நாக்கைக் கடித்துக்கொண்டார் ஒரு வியாபாரி.
தட்டில் அது தூங்கிப்போயிருந்தது.

ஊசி மருந்து இங்கே இல்லை,
ராமநாதபுரத்தில் வாங்கி வர வேண்டும்.
மெடிக்கல்காரர் சொன்னார்:
சூடு ஆகக் கூடாது, உறையவும் கூடாது.
இரண்டிலிருந்து எட்டு டிகிரி.

இருபத்திரண்டு வருஷமாக ஐஸ் கம்பெனியில் இருக்கிறேன்.
கேனில் தண்ணீர் விட்டு
கல்லாக எடுத்துக் கொடுப்பதுதான் வேலை.
உறையவிடாமல் காப்பாற்ற
யாரும் என்னிடம் எதையும் தந்ததில்லை.

தடைக்காலத்தில் ஒரே ஒரு கம்ப்ரசர்தான் ஓடும்,
நாட்டுப்படகுகளுக்காக.
காலையில் அங்கே உடைத்து எடுத்த சில்லுகளைப்
பாலிதீனில் முடிந்து கொண்டுபோயிருந்தேன்.
மேலே தினசரித்தாள் நான்கு மடிப்பு,
அதற்கும் மேலே அந்தச் சின்னக் குப்பி.
உச்சிப்புளியில் பஸ் நின்றபோது திறந்து பார்த்தேன்.
மண்டபத்தில் பார்த்தேன்.
பாலத்தில் காற்று பஸ்ஸைத் தள்ளியது,
பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார்: மீனா?
இல்லை, நாய்க்குட்டி, என்றேன்.
டப்பாவை ஒரு முறை பார்த்துவிட்டு
அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

ஊசி போட்டபோது ஒரே ஒரு முனகல்.
அட்டையில் பெயர் என்ற கட்டத்தருகே
பேனா நின்றது.
போன குட்டிக்கு வைத்த பெயர்
இருவர் வாயிலும் வந்து
இருவரும் விழுங்கினோம்.
வெள்ளைக்கால் என்றே எழுதுங்கள் டாக்டர்,
என்றாள் பிரிசில்லா.

அடுத்தது இருபத்தொரு நாள் கழித்து. அதன்பின் இன்னொன்று.
வெறிநாய் ஊசி மூன்றாம் மாதம்.
அதுவரை மண்ணில் விடாதீர்கள்,
தெரு நாய்களோடு சேர்க்காதீர்கள்.

ஜூன் பதினான்கு நள்ளிரவு
எல்லா கம்ப்ரசரும் ஒன்றாகக் கத்தின.
நான்காயிரம் ஐஸ் கட்டி இறக்கிவிட்டு
விடிகாலையில் அம்மோனியா வாடையோடு வந்தேன்.
விசைப்படகுகள் போய்க்கொண்டிருந்தன.
வாசலில் குறுக்கே வைத்த மீன்பெட்டிக்கு மேலே
மூக்கும் இரண்டு வெள்ளைப் பாதமும்.

கடலைப் பார்த்துக் குரைக்க முயன்றது,
தும்மல்தான் வந்தது.
பொறு.
உன் தடை இன்னும் முடியவில்லை.