வாதி சாட்சி மூன்று

தாராபுரம் முன்சீப் கோர்ட்டில்
டைப் அடிப்பது என் வேலை.
சொன்னதை அடிப்பேன். சொல்லாததை அடிக்கக் கூடாது.
பதினேழு வருஷத்தில் மீறியதில்லை.

அன்று வாதி சாட்சி மூன்று: நாச்சக்காள்,
வயது ஐம்பத்தி இரண்டு,
மூலனூர்ச் சந்தையில் முருங்கைக்காய் கட்டும் கூலி,
எழவு வீட்டில் கூப்பிட்டால் ஒப்பாரி.
தொழில் என்ற இடத்தில் இரண்டையும் எழுதவா என்றேன்.
"அதுக்குக் காசு ஒழுங்காத் தரமாட்டாங்க,
எழுத வேண்டாமுங்."

வழக்கு இதுதான்:
ஊசிக்குளத்துக்கு மதகு மூன்றா, நான்கா.
வரைபடம் மூன்று என்கிறது.
நான்காவது இருந்திருந்தால்
அதன் வாய்க்கால் நூல் மில் மதிலுக்கு அடியில் ஓடி
ஒன்பது குடும்பத்துக் கீகாட்டில் போய் விழும்.
இல்லையென்றால் மதில் நிற்கும்.

"ஆவணம் ஏதாவது உண்டா?"
"பாட்டு இருக்குதுங்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
பாடுங்கள் என்று நீதிபதி சொல்லவில்லை,
வேண்டாம் என்றும் சொல்லவில்லை.
கூண்டுக் கட்டையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு
செத்தவர் யாருமில்லாத அந்த அறையில்
ஆரம்பித்தாள்:

ஊசிக் கொளம் பெருகி
ஊரெல்லாம் பாயயிலே
முன்மதகு நெல்லுக்கு
நடுமதகு மஞ்சளுக்கு
மூணா மதகு
முக்கண்ணன் தோப்புக்கு
என்னெப் பெத்த மகராசா
எங்கே நீ பாயறயோ

எதிர்த்தரப்பு வக்கீல் துள்ளி எழுந்தார்.
"சாட்சியே மூன்று என்றுதான் பாடுகிறார், கனம் கோர்ட்டார் அவர்களே!"
மில் மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.
நானும் அடித்தேன். மூன்று.

விதிப்படி படித்துக் காட்ட வேண்டும்,
'சரியென ஒப்புக்கொண்டார்' என்று முடிக்க.
படித்தேன், கிரயப் பத்திரம் வாசிக்கிற குரலில்.
"இல்லீங்" என்றாள்.
எது இல்லை?
"தோப்புக்கும் மகராசாவுக்கும் நடுவால
மூச்சு வாங்கற எடம் ஒண்ணு இருக்குதுங்.
அதை உட்டுப்போட்டீங்."

மூச்சை எப்படிம்மா அடிக்கிறது?

கட்டையை விட்டுக் கையை எடுத்தாள்.
அடித்துக் காட்டினாள், மாரில்,
ஒன்று, இரண்டு, மூன்று,
நான்கு.

"இது பெரிய ஊட்டு எழவுல பாடறதுங்.
கொளத்துக்கு மதகு வெச்சதும் அந்த ஊடு,
நாலாவதை மண்ணுப் போட்டு மூடுனதும் அந்த ஊடு.
பொணத்தச் சுத்தி அவிய ஆளுக நிப்பாங்க.
வாயில சொன்னா படி அரிசி வராது.
அதுனால நெஞ்சுல சொன்னாங்க எங்க பொம்பளைக.
வேற ஊருக்காரி பாடுனா
நெல்லுக்குப் பதிலா ராகிம்பா, தோப்பை வயலும்பா.
அடி நாலுதானுங்."

ஓசையெல்லாம் சாட்சியம் ஆகாது, ஆட்சேபணை.

வராந்தாவில்
ஜீவனாம்ச வழக்குக்கு வந்திருந்த குண்டடத்துக்காரி ஒருத்தியின் கை
தானாக மாருக்குப் போய்
பாதியில் நின்றதைப் பார்த்தேன்.
அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.
நான் அடிக்கவில்லை.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.
"சாட்சி சைகை காட்டினார் என்று போடுங்கள்."
போட்டேன்.

விடுபட்ட இடத்துக்கு மூன்று புள்ளி வைப்பது
ஆபீஸ் வழக்கம்.
பாட்டில் அந்த இடத்துக்குத் திரும்பிப் போய்
மூன்று வைத்தேன்.
விரல் விசையை விட்டு வரவில்லை.
இன்னொன்று வைத்தேன்.

கைநாட்டு வைத்துவிட்டு பேட்டாவைக் கேட்டாள்.
சில்லறை இல்லை, நாற்பது ரூபாய் பாக்கி.
ரெண்டரை மணி மூலனூர் பஸ்ஸுக்கு ஓடினாள்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை.
நகல் பிரிவிலோ மேல்முறையீட்டிலோ
ஒரு புள்ளி அதிகம் என்று
சிவப்பு மையில் யாராவது அடிப்பார்கள்.

அடிக்கட்டும்.
அதுவும் ஒரு அடி.