மூன்றுக்கு மேல்

காக்கி புக்கிட், நான்காம் மாடிப் பட்டறை.
சாவியைத் திருப்பினால் பிடிக்கிறது.
ஒன்று, இரண்டு, மூன்று.
அணைந்துவிடுகிறது.

பின்சீட்டைத் தூக்கி
பெட்ரோல் பம்ப் முனகுகிறதா என்று
காது வைத்தார் ரோஸ்லான்.
முனகியது.
பிளக்கில் பொறியும் இருந்தது.
த்ராட்டில் கரியைத் துடைத்த பிறகும்
மூன்றுக்கு மேல் எண்ண விடவில்லை வண்டி.

உள்ளே போகும் காற்றை
அளந்து சொல்லும் சென்சார்;
அதன் வயரைப் பிடுங்கினார்.
"இப்ப போடு."

நான்கு. ஐந்து. பதினொன்று.
எண்ணுவது விட்டுப்போனது.

இழுக்கிற மூச்சை
இத்தனை நாளும் தப்பாகவே சொல்லியிருக்கிறது.
இப்போது சொல்ல ஆளில்லை,
குத்துமதிப்பில்
நடுங்கிக்கொண்டே ஓடுகிறது எஞ்சின்.

புதுசு நூற்றெண்பது வெள்ளி.
சிஓஇ முடிய ஐந்து மாதம்.
"மாத்தவா?"

அணைக்கப் பயந்து
சாவிமேல் கை வைத்திருக்கிறேன்.
பின்னால், ஈசூன் போகவேண்டிய
நாற்பது பாக்கெட் தோசைமாவு
புடைத்துக்கொண்டு வருகிறது.