உட்பிரிவு இ

கொய்யைக்கே நகரில் ஜூலை மாதம்.
நகராட்சி மாடியில் பதினொரு நாற்காலி,
பதினொரு காப்பிக் கோப்பை.
வீடு எப்படிக் கட்டப்பட வேண்டும் என்பது
பதினொரு பேருக்கும் தெரியும்.
சிமென்ட் முகவர் எல்ஃபீதியோ ஓயார்ஸூன்,
ஜன்னல் இறக்குமதி செய்பவர்,
அவருக்கு மைத்துனரான வழக்கறிஞர்,
மற்றவர்கள் வருகைப் பதிவில் இருக்கிறார்கள்.
நான் குறிப்பெடுப்பவள்.
என் நாற்காலி கணக்கில் சேராது.

யாஸ்னா குசானோவிச்சுக்குக்
கதவோரம் ஒரு ஸ்டூல் போட்டார்கள்.
'பார்வையாளர்' என்று எழுதச் சொன்னார்கள், எழுதினேன்.
வாசலில் விசிறியைப் பொருத்தி
வீட்டின் மூச்சை அளப்பவள் அவள்.
இந்த ஊரில் இருநூற்றுப் பதினேழு வீடுகள்
அளந்தாயிற்று.
ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை.

விதி பதினான்கு.
அ: சுவரின் தடிமன். ஒருமனதாக நிறைவேறியது.
ஆ: கூரைக்குள் பஞ்சு. இரண்டு விரற்கடை மெலிந்து நிறைவேறியது.
இ-க்கு வந்தபோது அவள் கை தூக்கினாள்.
பார்வையாளர் கை தூக்கினால் என்ன செய்வதென்று
நடைமுறை நூலில் எதுவும் இல்லை.
அந்த இடைவெளியில் பேசிவிட்டாள்.

"சுவர் மேல் குற்றமில்லை.
சுவரும் ஜன்னலும் சந்திக்கிற இடத்தைப் பாருங்கள்.
ஒர்ஃபெலினாவின் வீட்டில்
விரிசல்களையெல்லாம் கூட்டிப் பார்த்தேன்.
ஒரு செம்மறியாடு தாராளமாக நுழையும்.
இரவெல்லாம் அந்த ஆட்டை உள்ளே விட்டுக்கொண்டு
அடுப்பில் விறகைத் திணிக்கிறாள்.
பாதிக் குளிர்காலம்கூட ஆகவில்லை,
பதினாறு கனமீட்டர் லெங்கா விறகு தீர்ந்தது.
இனி ஈர விறகுதான்.
அந்தப் புகை பள்ளத்தாக்கில் படுத்தால்
எழுந்து போகிறதா சொல்லுங்கள்.
சுவரை முழ அகலத்துக்குக் கட்டினாலும்
ஆடு தன் வழியில் வரும்."

யாரோ சிரித்தார்கள்.
ஆட்டைக் குறிப்பில் சேர்க்கவா என்று கேட்டேன்.
வேண்டாம் என்றார்கள்.

அவள் கேட்டது இவ்வளவுதான்:
கட்டி முடித்த வீட்டை அளக்க வேண்டும்,
அளவுக்கு மேல் கசிந்தால் சாவி தரக் கூடாது.
ஓயார்ஸூன் எதிர்க்கவில்லை.
"நானும் குளிருக்கு விரோதிதான்" என்றார்.
அந்த 'அளக்க வேண்டும்' என்பதை மட்டும்
கொஞ்சம் இளக்கலாமே என்றார்.

எங்கள் ஸ்பானிய மொழியில்
கட்டளைக்கும் ஆசைக்கும் நடுவே ஒரே ஓர் எழுத்து,
மெலிந்த ஓர் 'இ'.
அது சொல்லுக்குள் நுழைந்துவிட்டால்
'வேண்டும்' நெகிழ்ந்து
'செய்தால் தேவலை' ஆகிவிடும்.
பலகைக்கும் கண்ணாடிச் சட்டத்துக்கும் நடுவே
நகம் நுழையாத இடத்தில்
காற்று நுழைகிறதே, அப்படி.

ஏழுக்கு நான்கு.
'இ' உள்ளே வந்தது.

யாஸ்னா வாதாடவில்லை.
இருநூற்றுப் பதினேழு வீடுகளின் அறிக்கையை
நான்காக மடித்தாள்,
குனிந்து ஸ்டூலின் குட்டைக் காலுக்கு அடியில் வைத்தாள்.
காலையிலிருந்து ஆடிக்கொண்டிருந்தது நின்றது.
பிறகு கூட்டம் முடியும்வரை
நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

இப்போது இரவு.
என் வீட்டில் சுத்தப் பிரதி தட்டச்சு செய்கிறேன்.
மேசையில் தாளின் மூலை தானாக எழுகிறது, அமர்கிறது.
ஜன்னலைப் பார்க்கவே எனக்கு வெட்கம்.
அந்த 'இ'யை அழித்துவிடலாம்,
ஒரு விசை போதும்,
காலையில் கண்ணாடி போடாமல் கையெழுத்திடுவார்கள்.
அழிக்கவில்லை. அது நான் போட்ட எழுத்தில்லை.

ஆதரவு ஏழு, எதிர்ப்பு நான்கு,
அதற்குக் கீழே, யாரும் சொல்லாமல்,
இரண்டு வரி சேர்த்தேன்:
'வாக்கின்றி அறையில் இருந்தோர்: இருவர்.
அவர்களுள் கசிவை அளக்கத் தெரிந்தவர்: ஒருவர்.'

ஆட்டையும் எழுதிவிட்டேன்.