சைபர் பிளாக்கு

ஊத்தான் மெலிந்தாங், இரவு பதினொன்று.
ஆலை ஆபீசில் நானும் ஒரு காற்றாடியும்.
நாளைக்கு ஒரே லோரி.
ஆறு பிளாக்கில் குலை வெட்டிக் கிடக்கிறது.

எடைகளை வரிசையாய் அடித்தேன், டன்னில்:
பதினொன்று, பதினான்கு, ஒன்பது,
பதினான்கு, பதினேழு, ஒன்பது.
பிறகு கேட்டேன்:
லோரி போகும் இடத்தின் எடை என்ன?

கணினி சிவப்பில் சீறியது.
எந்த இடமென்றே முடிவாகாமல்
எதை எடுத்துத் தருவது என்கிறது.
நியாயந்தான்.

கையேட்டை இரண்டு தரம் படித்தும் ஏறவில்லை.
மீ கோரேங் பொட்டலத்தைச் சுருட்டும்போதுதான்
தமிழ்ப்பள்ளி மூன்றாம் ஆண்டு இலக்கணம் வந்து நின்றது.
எ வினா. அ சுட்டு.
எந்தப் பிளாக்கோ அந்தப் பிளாக்கின் எடை.
நடுவில் ஓர் ஓகாரம் போதும்,
தெரியாததைத் தெரியாததோடு கட்டிவிடலாம்.
எவன் முதலில் வருகிறானோ அவனுக்குப் புது அரிவாள்
என்கிறோம் பிரட்டுக் களத்தில்.
வருகிறவன் இன்னும் தூங்குகிறான்,
சட்டம் மட்டும் விழித்திருக்கிறது.

எடு என்று சொல்வதை விட்டேன்.
கட்டு என்றேன்.
கயிற்றின் ஒரு முனை இடம், மறுமுனை எடை.

லோரி பன்னிரண்டுக்கு மேல் தாங்காது என்று எழுதினேன்.
காகிதத்திலும் கூடவே அடித்துப் பார்த்தேன்:
எடை முனையை இழுக்க
இட முனையில் இரண்டு, நான்கு, ஐந்து உதிர்ந்தன.
ஆறுக்குப் போகும் பாலத்தை
போன வாரம் வெள்ளம் கொண்டுபோனது. அதையும் எழுதினேன்.
ஆறு போயிற்று, ஒன்பது போகவில்லை.
மூன்றாம் பிளாக்கிலும் ஒரு ஒன்பது இருக்கிறதே.
சாட்சி ஒன்று மிச்சமிருக்கும்வரை
எண்ணை அழிக்கக் கூடாதாம்.
(ஆள் கூலியில் பிடிக்கும்போது
நாங்கள் இவ்வளவு பார்ப்பதில்லை.)

பத்துக்குக் குறையக் கூடாது, மேனேஜர் உத்தரவு.
ஒன்பது விழுந்தது, கூடவே மூன்றும்.
என் காகிதத்தில் முதல் பிளாக்கு மட்டும்.
கணினி சொன்னதை அப்படியே அச்சடித்து
கதவில் ஒட்டிவிட்டுப் போய்ப் படுத்தேன்.

ஐந்தே முக்காலுக்கு சன்னாசியின் போன்.
பின்னால் களமே சிரிக்கிறது.
"சைபர் பிளாக்குன்னு ஒட்டியிருக்கே,
எங்கம்மா இருக்கு அது, சுடுகாட்டுக்குப் பின்னாலயா?"

அது சைபரிலிருந்து எண்ணுகிறது, நாம் ஒன்றிலிருந்து.
"ஒண்ணக் கூட்டிக்குங்க அண்ணே, முதல் பிளாக்குதான்."
லோரி கிளம்பிவிட்டது.

பல் துலக்கும்போது உறைத்தது.
நான் தள்ளச் சொன்னது ஆறை.
அதன் வரிசையோ ஐந்தோடு முடிகிறது.
உடைந்த பாலத்தைப் பற்றி
யாருமே அதனிடம் சொல்லவில்லை.
இன்று மட்டும்
பத்து டன் உத்தரவு குறுக்கே நின்றது.

நுரையோடு ஓடினேன் ஆபீசுக்கு,
நாளைய தாளைத் திருத்த.